நம்ம தண்ணி

நகராட்சித் தலைவர் ஜன்னலோரம் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த வீட்டு மாட்டைப் பார்க்கிற மாதிரி. அது வேலியைத் தாண்டட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்ற நிதானம் முகத்தில். மழை விட்டபாடில்லை. ஆற்றுத் துறைப் பொறியாளர் டீயை ஊதி ஊதிக் குடித்தார். கதவருகே ஈரக் குடையோடு மைக்காரர் நின்றார். நகராட்சி வேனில் ஒலிபெருக்கி கட்டி ஊரைச் சுற்றுவது அவர் உத்தியோகம். அவர் தும்மினால் ஊரில் பாதிப் பேர் வரி கட்ட ஓடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது மிகை. கால்வாசிப் பேர்தான் ஓடுவார்கள்.

"தலைவரே, கரையோரத் தெருவைக் காலி பண்ணச் சொல்லிடலாமா? எங்க அக்கா அங்கதான் இருக்கு" என்றார் மைக்காரர்.

"ஆத்துக்குள்ள இருக்கற வரைக்கும் அது இவங்க தண்ணி" என்று தலைவர் பொறியாளரைக் காட்டினார். "கரையைத் தாண்டுனாத்தான் நம்ம தண்ணி. இப்பவே நான் கையெழுத்துப் போட்டா, யாரோட தண்ணிக்கு நீ உத்தரவு போட்டேன்னு நாளைக்குக் கேப்பான்."

"ரொம்பச் சரி" என்றார் பொறியாளர். "எங்களுக்குத் தண்ணி மேலதான் அதிகாரம், ஆளுங்க மேல கிடையாது."

"அதுவரைக்கும் நான் என்னன்னு சொல்றது?"

"எச்சரிக்கையா இருங்கன்னு சொல்லு" என்றார் தலைவர்.

"இருந்து என்ன பண்ணணும்னு கேட்டா?"

"அதச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்ல."

மைக்காரர் குடையை விரிக்க மறந்து படியிறங்கினார். பணிக்காலம் முழுக்க எழுதிக் கொடுத்ததைத் தவிர ஒரு சொல் மைக்கில் பேசாதவர் அவர். அன்று வேன் கரையோரத் தெருவை நெருங்கியதும் மைக்கை வாயருகே கொண்டுபோய், "கரையோரத் தெரு மக்கள் உடனே வீடுகளை விட்டு வெளியேறவும்" என்றார். அன்றைக்கு யாரும் எழுதித் தராத வாக்கியம்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கோடையில் ஆக்கிரமிப்பை இடிக்க வந்தபோதும் இதே குரல், இதே வேன், இதே வாக்கியம். வெளியில் பூட்டு தொங்கும் வீட்டை இடிக்க நகராட்சிக்கு அதிகாரம் இல்லை. அந்த விதியை அக்காவின் காதில் போட்டவரே அவர்தான், கூடப்பிறந்த பாசத்தில். அன்றிலிருந்து வேன் சத்தம் கேட்டால் தெருவே வீட்டுக்குள் போய் மூச்சடக்கி உட்காரும். அக்கா ஒவ்வொரு கதவாக வெளியிலிருந்து பூட்டிவிட்டு, தன் வீட்டையும் பூட்டி, கரையைச் சுற்றிப் பின்வாசல் வழியாக உள்ளே போய்விடுவாள். மற்ற வீடுகளுக்குப் பின்வாசல் கிடையாது. அவற்றின் முதுகு கரையோடு ஒட்டியது. அந்த நேரத்தில் நாய்கூடக் குரைக்காது. நாய்க்கும் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

வேன் தெருமுனைக்கு வந்தபோது தெரு முழுக்கப் பூட்டுகள் தொங்கின. தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. மைக்காரர் மைக்கை இருக்கையில் போட்டுவிட்டு அக்காவின் ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

"அக்கா, கதவையெல்லாம் தொற. ஆறு வருது."

"போன தடவ புல்டோசர் வந்துச்சு. இந்தத் தடவ ஆறா?" இருட்டுக்குள்ளிருந்து அக்கா சொன்னாள். "உங்க ஆபீஸ்ல வண்டி நெறைய இருக்கு போல."

"சத்தியமா இது ஆபீஸ் சொன்னது இல்லக்கா. நானா சொல்றேன்."

"நீயா எப்படா பேசுன, இப்பப் பேசறதுக்கு?"

பதில் வேறு பக்கமிருந்து வந்தது. வீட்டின் பின்புறம் ஏதோ சரிந்தது. அக்கா ஓடிப்போய்ப் பின்கதவைத் தள்ளிப் பார்த்தாள். அந்தப் பக்கமிருந்து ஆறு தள்ளிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து சாவிக்கொத்தைக் கம்பி வழியாக நீட்டியபோது அவள் கை ஈரமாக இருந்தது. மற்ற வீடுகளிலிருந்து கதவைத் தட்டும் சத்தம், முதலில் மரியாதையாக, பிறகு அப்படி இல்லாமல்.

"கைக்குழந்தை இருக்கற வீட்ட மொதல்ல தொற. தெருக்கோடி வீடு. செவப்பு நூல் கட்டுனது என் சாவி, அத எடுக்காத. கடைசியாப் பாத்துக்கலாம்."

"அக்கா..."

"போடா. சொன்னதச் செய்யறதுதான உனக்கு வேல."

சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. தலைவர். குரலில் பெரிய நிம்மதி. "தாண்டிருச்சுய்யா. நம்ம தண்ணி ஆயிருச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன், தாராளமா வெளியேறச் சொல்லு."

மைக்காரர் முழங்கால் தண்ணீரில் கோடி வீட்டை நோக்கி நடந்தார். பூட்டுகள் எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை, சாவிகளும் ஒன்றுபோல இருந்தன. ஒன்றைப் போட்டுப் பார்த்தார், சேரவில்லை. அடுத்ததைப் போட்டார். தெருமுனையில் சக்கரம் முங்கிய வேனில், இருக்கையில் கிடந்த மைக் மழையின் இரைச்சலை ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சாவியாகத் தள்ளத் தள்ள, நனைந்த சிவப்பு நூல் அவர் விரலில் வந்து வந்து சுற்றியது.