நிறம் போன தண்ணீர்

மண்ணரை என்ற ஊரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வுக்கூடம் இந்துமதியின் பொறுப்பில் இருந்தது. கொட்டாங்குச்சியைச் சுட்டுக் கரியாக்கி, இரும்பு உப்பு சேர்த்து அவள் தயாரித்திருந்த கருப்புத் தூள் அன்று மதியம்தான் முதல்முறையாகச் சொன்னபடி கேட்டது. சிவப்புச் சாயக் கழிவில் போட்டுக் கலக்கினாள். தூளின் நுண்துளைகள் சாயத்தை இழுத்துக்கொண்டன. பாத்திரத்தின் வெளிப்பக்கம் காந்தத்தை வைத்ததும் தூள் மொத்தமும் ஓடிவந்து அங்கே ஒட்டிக்கொண்டது. மிஞ்சியது பளிங்கு போன்ற தண்ணீர்.

முதலாளி நாச்சிமுத்துவிடம் காட்டும் அவசரத்தில், கைக்குக் கிடைத்த காலி குடிநீர் பாட்டிலில் அதை ஊற்றி மேசைமேல் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள்.

அவரோடு இறங்கி வந்தபோது பாட்டில் பாதியாகியிருந்தது. சாய மெஷினில் துணி ஏற்றும் டேனியல் மேசையருகே நின்று புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி ஒரே உப்புங்க மேடம். தாகத்துல மடமடன்னு ஊத்திக்கிட்டேன், அப்பறந்தான் தெரிஞ்சுது."

அவள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். "எவ்வளவு குடிச்சீங்கண்ணா?"

"நாலஞ்சு வாய் இருக்குமுங்க. ஏனுங்க, குடிக்கிற தண்ணி இல்லீங்களா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவர் குனிந்து வாந்தி எடுத்தார்.

ஆஸ்பத்திரிக்கு நாச்சிமுத்துவே காரை ஓட்டினார். "உப்புத் தண்ணின்னு மட்டும் சொல்லு அம்மிணி. கழிவுன்னு தெரிஞ்சா பட்டறைக்கு சீல் வெச்சுருவாங்க."

பின்சீட்டில் டேனியல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தார். அவர் கை சில்லிட்டிருந்தது. சாயம் போனது இந்துமதிக்குத் தெரியும். என்ன மிஞ்சியது என்று அவள் இன்னும் பார்க்கவில்லை. சிவப்பாகவே இருந்திருந்தால் இந்த மனிதர் தொட்டிருக்கக்கூட மாட்டார் என்ற நினைப்பு அவளை விடவில்லை.

"என்ன குடிச்சாரு?" என்றார் மருத்துவர்.

நாச்சிமுத்து அவளையே பார்த்தார். அவள் மருத்துவரின் பக்கம் திரும்பினாள்.

"சாயக் கழிவுங்க. நிறத்தை மட்டும் எடுத்திருக்கேன். உப்பும் சலவைச் சோடாவும் நிறைய இருக்கும், இரும்பும் கரைஞ்சிருக்கலாம். வேற என்ன இருக்குன்னு சோதிக்கலை. குடிக்கிற பாட்டில்ல ஊத்தி வெச்சது நான்தானுங்க."

நாச்சிமுத்து எழுந்து வெளியே போய்விட்டார்.

டேனியலின் மகள் அன்புசெல்வி வந்ததும் அதையே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண் திட்டவில்லை, அழவும் இல்லை. இந்துமதியின் பக்கத்தில் உட்கார்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து நின்றாள். இந்துமதியும் எழுந்தாள்.

சாயங்காலம் வாந்தி நின்றது. சிறுநீரகம் தாங்குமா என்பது இரண்டு நாள் போனால்தான் தெரியும் என்றார்கள். அந்த இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில் குறை ஏதும் இல்லை. கட்டிலில் சாய்ந்திருந்த டேனியல் மெதுவாகக் கேட்டார்: "மேடம், என்னைய மறுபடி வேலைக்கு எடுத்துக்குவாங்களா?"

மருத்துவரிடம் உண்மையைச் சொன்ன பிறகு தனக்கே வேலை இருக்கிறதா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு முதலாளிகிட்ட நேர்ல போய்க் கேக்கறேன்ணா," என்றாள்.