நாத்தனார் கைராசியும் ஒரு பட்டர் ஃப்ரூட் கொட்டையும்

லோகநாயகிக்குக் கைராசி கிடையாது என்பது அவர்கள் குடியிருந்த செம்மண்டலத்தில் எப்போதோ தீர்ப்பாகிவிட்ட சங்கதி. கல்யாணமாகி வந்த பத்து வருஷத்தில் மூன்று கறிவேப்பிலைக் கன்றுகளையும் ஒரு ரோஜாவையும் பரலோகம் அனுப்பியிருந்தாள். அவள் செய்த ஒரே குற்றம் தண்ணீர் ஊற்ற மறந்ததுதான். கணக்கு டீச்சரான அவள் காலையில் பஸ்ஸைப் பிடிப்பாளா, தொட்டியைப் பார்ப்பாளா? ஆனால் அந்த வீட்டில் வெந்தயம் தூவுவதென்றாலும் கணவன் சுப்புராயன் சிதம்பரத்திலிருந்து தன் அக்கா ஞானாம்பாளைத்தான் வரவழைப்பான். அக்கா தொட்டால் துடைப்பக்கட்டையும் துளிர்க்கும் என்பது அவன் கட்சி.

2009 ஆடி மாதம் அவன் கொடைக்கானல் போய் இரண்டு பட்டர் ஃப்ரூட் வாங்கி வந்தான். சர்க்கரை போட்டுப் பிசைந்தும் பழம் யாருக்கும் பிடிக்கவில்லை. எலுமிச்சம்பழம் அளவுக் கொட்டைகள்தான் மிச்சம். தை மாதம் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று நட ஒரு கன்று வேண்டுமே என்று, ஒரு கொட்டையை அக்காவுக்குக் கொடுத்தனுப்பினான். இன்னொன்றைக் குப்பையில் போடப் போனவன் கையிலிருந்து லோகநாயகி பிடுங்கிக்கொண்டாள். நடப்போவது அக்காவின் கன்றைத்தான், நீ சும்மா விளையாடு என்றான். அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்றது. தன் வீட்டு மண்ணில் ஒரு செடியாவது தன் கையால் நட்டே தீருவது என்று அப்போதே முடிவுகட்டினாள்.

கோணி ஊசியால் கொட்டையில் மூன்று துளை போட்டு, விளக்குமாற்று ஈர்க்குச்சிகளைச் செருகி, ஊறுகாய் பாட்டிலின் வாயில் உட்காரவைத்தாள். கூர்முனை மேலே, பருத்த அடிப்பாகம் தண்ணீரில். நாற்பது நாள் அது கல்லுப்பிள்ளையாராக இருந்தது. பிறகு இரண்டாகப் பிளந்து வேர் விட்டது, தண்டு விட்டது. ஒரு சாண் வளர்ந்ததும், வாரப் பத்திரிகையில் படித்தபடி, தலையைக் கத்தரித்தாள். சுப்புராயன் பதறிப்போய், கடைசியில் இதையும் கொன்றுவிட்டாயே என்றான். வேண்டாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம். பத்து நாளில் வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு கிளை வெடித்தது. பிறகு மணல் கலந்த மண்ணில் தொட்டி மாற்றினாள். நினைவு வந்தபோது தண்ணீர் ஊற்றினாள். நினைவு வந்தது நாலு நாளைக்கு ஒருமுறைதான்.

கிரகப்பிரவேசத்தன்று ஞானாம்பாள் வந்ததும் வராததுமாக லோகநாயகியைப் புதுச் சமையலறைக்குள் இழுத்துப்போய் ஒயர்க்கூடையைத் திறந்து காட்டினாள். சேற்றுக்குள் கறுத்து அழுகிய கொட்டை.

“காலைல ஒரு செம்பு, சாயந்தரம் ஒரு செம்பு ஊத்துனேன் லோகா. நடவு வயலுக்கு விடுற மாதிரி. இப்படி ஆயிடுச்சே,” என்றாள்.

லோகநாயகிக்கு ஒரு நிமிஷம் பரமானந்தம். கூடத்தில் போய் ஒரு வார்த்தை சொன்னால் பத்து வருஷப் பழி தீர்ந்துவிடும். ஆனால் நாத்தனாரின் முகம் திருட்டுப் பூனை முகமாக இருந்ததைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. கூடையைத் துண்டால் மூடிப் பரண்மேல் வைத்தாள்.

வாசலில் குழி தயாராக இருந்தது. அக்கா கன்று கொண்டுவரவில்லை என்று தெரிந்ததும் சுப்புராயன், லோகநாயகி ஓரமாகக் கொண்டுவந்து வைத்திருந்த தொட்டியைத் தூக்கி வந்து, எந்தக் கன்றானால் என்ன, கைராசி முக்கியம் என்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னிலையிலும் அக்காவிடம் நீட்டினான். லோகநாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஞானாம்பாள் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“என் கொட்டைய நான் அழுக வச்சிட்டேன்டா தம்பி. இது அவ கைக்குத்தான் பொழைக்குது. அவளே நடட்டும்.”

லோகநாயகிக்குக் கண் நிறைந்துவிட்டது. மண்ணில் முழங்காலிட்டு நட்டாள். எழுந்து திரும்பினால், சுப்புராயன் தளும்பத் தளும்ப ஒரு வாளித் தண்ணீரோடு நின்றான்.

“ஊத்தாத,” என்றாள் அக்கா. “ஊத்தாதீங்க,” என்றாள் மனைவி. இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

லோகநாயகி வாளியை வாங்கி ஓரமாக வைத்தாள்.

“ஒரு செம்பு போதும். அப்புறம் நாலு நாளைக்கு மறந்துடணும். உங்களால முடியலன்னா எங்கிட்ட விட்டுடுங்க. எனக்குப் பழக்கம்தான்.”