ரெண்டு வருஷம் உழைக்கிற செயின்

"பின்னாடி எத்தனை பல்சக்கரம்?" என்று கேட்டார் சைக்கிள் கடை மெக்கானிக்.

"அதைப் பார்த்துச் சொல்லத்தானே நீங்க கடை வெச்சிருக்கீங்க?" என்றேன்.

எனக்கு எப்போதுமே மூக்கு நுனியில் கோபம். அன்றைக்குக் கொஞ்சம் அதிகம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் துருவும் கிரீஸுமாகப் பழைய செயின். என் வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்தபடியே ஒரு மணி நேரம் வகுப்பெடுத்துத்தான் அனுப்பினார். மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள், பின்னால் பத்துச் சக்கரம், பத்துக்கான செயின்தான் வேண்டும், அசந்தால் வேறு எதையாவது உன் தலையில் கட்டிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். கடைக்குள் கால் வைத்ததும் அத்தனையும் மறந்துபோயிற்று.

மெக்கானிக் கோபித்துக்கொள்ளவில்லை. செயினை மேஜைமேல் நீட்டி, கண்ணிகளுக்கு நடுவே ஒரு சின்னத் தகட்டை விட்டு அளந்தார். "பத்துதான். நல்லாவே தேஞ்சிருக்கு. யாரும்மா ஓட்டுறது?"

"என் வீட்டுக்காரர்."

"எவ்வளவு ஓட்டுவார்?"

"வாரத்துல ரெண்டு நாள் மலை ஏறுவார்."

வாய் கூசாமல் சொன்னேன். மூன்று வாரமாக அவர் குளியலறைக்குப் போகவே என் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது மூன்று மாதம். இழுத்துப் பிடித்தால் நான்கு. வெளியே வந்து நான் அவரிடம் சொன்னது, "ஆறு வாரம் ரெஸ்ட் எடுத்தா பழையபடி மலை ஏறலாமாம்." அவர் நம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். இல்லாவிட்டால் செயினை மாத்தணும், மாத்தணும் என்று ஏன் இப்படி நச்சரிக்கப் போகிறார்? நம்பிக்கொண்டே இருக்கட்டும். இருக்கிற நாளில் மனுஷன் பயமில்லாமல் தூங்கட்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மெக்கானிக் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். "இது சாதாரணம். அவர் ஓட்டுற ஓட்டுக்கு எட்டு மாசம் வரும். இது மேல பூச்சு போட்டது. துடைச்சு எண்ணெய் விட்டு வெச்சுக்கிட்டா ரெண்டு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். எதைத் தரட்டும்?"

எட்டு மாசம். கடையிலேயே மட்டமான செயினுக்கு எட்டு மாசம். அந்த எட்டு மாசத்தை என் வீட்டுக்காரருக்குக் கொடு சாமி, இந்தக் கடையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு காலத்துக்கும் கிடக்கிறேன் என்று கத்தவேண்டும் போலிருந்தது.

"என்னம்மா, ஒண்ணும் சொல்லாம நிக்கிறீங்க?"

"யோசிக்கக் கூடாதா? செயினைப் பறிச்சுக்கிட்டா ஓடப் போறேன்?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது, என்ன முயன்றும் நிற்கவில்லை. பாவம் அந்த மனிதர், ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாதாரணச் செயினோடு போனால் என் வீட்டுக்காரர் பெட்டியைப் பார்ப்பார். எதிலும் கெட்டியாகப் பார்த்து வாங்குகிறவள் இதில் மட்டும் ஏன் இப்படி என்று யோசிப்பார். மண்டையில் உறைக்க ஒரு நிமிஷம் ஆகாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ரெண்டு வருஷத்தையே எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக் கூடத்தில் சைக்கிள் தலைகீழாக நின்றது. எப்படித்தான் கட்டிலை விட்டு வந்தாரோ, சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"உசத்தியானதா வாங்கிட்டியே. ரெண்டு வருஷம் உழைக்குமே இது."

"உழைக்கட்டுமே. நீங்க ஓட்ட வேண்டாமா?"

பழைய செயினைச் செய்தித்தாளில் நீட்டி, பக்கத்தில் புதியதை வைத்து, கண்ணி கண்ணியாக எண்ணினார். புதியதில் நாலு கண்ணி அதிகம். வெட்டுகிற கருவியைத் திருக அவர் விரலில் வலுவில்லை. என்னிடம் நீட்டினார்.

"ஊசி நேரா இருக்கான்னு பாரு. அவசரப்படாதே. இப்போ திருகு."

சொல்லிச் சொல்லி என் கையாலேயே வெட்ட வைத்தார், பல்சக்கரத்தில் சுற்ற வைத்தார், இரண்டு முனையையும் சேர்த்து லாக் போட வைத்தார். முதல் தடவை தப்பாகச் சுற்றிவிட்டேன். தானே கைவைக்காமல் கழற்றி மறுபடி போடச் சொன்னார். ஒரு வழியாக முடித்து சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினேன்.

"இப்போ சீட்டை இறக்கு" என்றார்.

"எதுக்கு? உங்களுக்கு முட்டி இடிக்கும்."

"உன் உயரத்துக்கு இறக்கு. ரெண்டு வருஷம் யாராவது ஓட்டணும்ல?"

"யார் சொன்னது உங்களுக்கு? டாக்டரா? அந்த ஆளை நான்..."

"அவர் ஒண்ணும் சொல்லல. உன்னாலதான் தெரிஞ்சுது. மூணு வாரமா என்னை ஒரு வார்த்தை திட்டலியேடி நீ. நேத்து ஒரு டம்ளர் பாலை மெத்தையில கொட்டினேன். 'பரவாயில்லைங்க'ன்னு சொன்னே. இருபது வருஷத்துல உன் வாயில அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்ல."

"பாவி மனுஷா!" அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். "தெரிஞ்சுக்கிட்டே என்னைக் கடைக்கு அனுப்பினீங்களா? என்னை விட்டுட்டுப் போகப் போறீங்க, அதுக்கு செயின் மாட்டக் கத்துக் குடுக்குறீங்களா? இந்தச் சைக்கிளை நான் எங்கே ஓட்டிக்கிட்டுப் போவேன்? யார்கிட்டப் போவேன்? நீங்க இல்லாம நான் என்னங்க செய்வேன்?"

கத்திக் கத்தி என் குரல் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். "அப்பாடா" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

பிறகு சீட்டுக்குக் கீழே இருந்த திருகைக் காட்டினார். தளர்த்தி இறக்கினேன். உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். குனிந்து என் பாதங்களைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இறக்கு. ரெண்டு காலும் நல்லா தரையில படணும். நீ சாய்ஞ்சா பிடிக்க நான் இருக்க மாட்டேன்."

இறங்கி, இன்னும் ஒரு விரல் அளவு இறக்கினேன்.