மனுவின் மூன்றாம் பத்தி

குடும்ப நல நீதிமன்றத்தின் ஆலோசனை அறையில், மனுவின் மூன்றாம் பத்தியை ஆலோசகர் அம்மா வாய்விட்டு வாசித்தபோது அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘மைனர் குழந்தை தினசரி மாலை வேளைகளில் கவனிப்பாரின்றித் தன்னந்தனியே விடப்படுகிறது’ என்று இருந்தது. எழுதியவர் வக்கீல். வக்கீலிடம் சொன்னவன் அவன். அவனிடம் சொன்னவள் மகள்.

விவாகரத்தின்போது போட்ட ஏற்பாட்டின்படி மாதத்தில் இரண்டு ஞாயிறு மகள் அவனோடு இருப்பாள். அப்படி ஒரு ஞாயிறன்று, பூங்கா பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டே அந்தப் பத்து வயதுக்காரி பெருமை பிடிபடாமல் சொன்னாள். நர்ஸ் வேலை பார்க்கும் அம்மாவுக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது, வீட்டுக்கு வர எட்டரை ஆகிறது. அதுவரை எல்லாம் அவள் ராஜ்ஜியம்தான். தானே பூட்டைத் திறந்து, தானே சாதத்தைச் சூடுபண்ணி, வீட்டுப்பாடத்தையும் முடித்துவிடுகிறாள்.

“அம்மா யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. நீ அப்பாதானே, அதான் சொன்னேன்.”

கெட்டிக்காரி என்று தலையைத் தடவிக் கொடுத்தான். அப்படிச் சொன்ன வாய்தான் மறுநாளே வக்கீலிடம் எல்லாவற்றையும் கொட்டியது. பயந்தது உண்மை. அடுப்பையும் கதவைத் தட்டக்கூடிய முகம் தெரியாத ஆட்களையும் நினைத்து அன்றிரவு அவன் சரியாகத் தூங்கவில்லை. ஆனால், சூழ்நிலை மாறிவிட்டதென்று காட்டினால் பழைய உத்தரவை மாற்றலாம், பெண் உங்களிடம் வந்துவிட்டால் மாதாமாதம் கட்டுகிற ஜீவனாம்சமும் நின்றுவிடும் என்று வக்கீல் சொன்னபோது, நெஞ்சுக்குள் ஏதோ லேசானது. அந்த லேசை இப்போது நினைத்தாலே உடம்பு கூசியது.

எதிர் நாற்காலியில் மகளின் அம்மா இருந்தாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்து நாலு பதிலைத் தயார்செய்து வந்திருந்தான். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போனது. அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

மகளை உள்ளே கூப்பிட்டார்கள். பயப்படாதே கண்ணு என்று ஆரம்பித்த ஆலோசகர், சாயங்காலம் வீட்டில் தனியாகவா இருக்கிறாய் என்று பதமாகக் கேட்டார். மகள் அவனைத்தான் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பான். இவர் யார் என்று யோசிப்பவள் போலப் பார்த்தாள்.

“இல்ல மேடம். நான் தனியாவே இருக்கறதில்ல. அப்பாகிட்ட சும்மா பொய் சொன்னேன்.”

அம்மாவைக் காப்பாற்ற, பொய்க்காரி என்ற பெயரைத் தானே தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டுவிட்டது குழந்தை.

“அவ பொய் சொல்லல மேடம்” என்றாள் அவள் அம்மா. “அவங்க அப்பாகிட்ட சொன்னதுதான் நெசம். ஷிஃப்ட்ட மாத்தித் தரச் சொல்லிக் கேட்டிருக்கேன். இன்னும் தரல.”



மகளை வெளியே அனுப்பிவிட்டு ஆலோசகர் அவனிடம் திரும்பி, என்ன வேலை, எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை என்றான். ஐந்து மணிக்கு முடிந்துவிடும், பிறகு ரூமுக்குப் போய்விடுவேன் என்றான்.

“அங்கேருந்து இவங்க வீடு எவ்வளவு தூரம் சார்?”

“பஸ்ல பத்து நிமிஷம் மேடம்.”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவனையே பார்த்தார். பத்து நிமிஷம். பயந்துபோய் வக்கீலைத் தேடி ஓடத் தோன்றிய புத்திக்கு, பஸ் ஏறிப்போய் மகளுக்குத் துணையாக உட்காரத் தோன்றவில்லையே என்று முகம் எரிந்தது.

மனுவை வாபஸ் வாங்கினான். பள்ளிக்கூட நாட்களில் மாலை ஐந்தரையிலிருந்து தாய் வரும்வரை தகப்பன் வந்து இருப்பது என்று புதிய ஏற்பாடு எழுதினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்ததும், “அவளுக்காகத்தான் ஒத்துக்கிட்டேன், உங்களுக்காக இல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள் மகளின் அம்மா.

திங்கட்கிழமை அழைப்புமணியை அழுத்தினான். மகள் கதவைத் திறந்து, வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஸ்கூலில் என்ன விசேஷம் என்று கேட்டான்.

“ஒண்ணும் இல்லப்பா.”

“அப்பா பண்ணது தப்புடா குட்டி.”

“சரிப்பா” என்றாள், அதே குரலில்.

எதிரில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை பார்த்து எழுதிவிடக் கூடாதென்று மறைப்பதுபோல, இடது கையை வளைத்துப் பக்கத்தைச் சுற்றி அணைகட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினாள். அவன் நாற்காலியை ஓசைப்படாமல் பின்னுக்கு நகர்த்தி, எழுத்து தெரியாத தூரத்தில் உட்கார்ந்தான்.