எத்தனை கோலால் வென்றீர்கள்?

திங்கட்கிழமை காலை இடைவேளையில், டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் சமையற்கூடத்தின் பின்கதவடியில் நின்று, தலையில் மாட்டிய வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் அனோஜினி போனைப் பார்த்தாள். பார்க் எக்ஸ்டென்ஷன் பெண்கள் அணி, ஐந்தாம் இடம். போன திங்கள் மூன்றாம் இடத்தில் இருந்தார்கள். சனிக்கிழமை விளையாடி வென்றும் இருக்கிறார்கள். வென்றவர்களைப் பிடித்து இரண்டு படி கீழே இறக்கும் பட்டியலை அவள் தன் முப்பத்தாறு வயதில் இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். பட்டியலின் அடியில் ஒரு கிண்ணப் படமும் இரண்டு கைதட்டும் படங்களும் வேறு. யாருக்குக் கைதட்டுகிறார்களாம்? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மொன்றியல் தமிழ்ப் பெண்கள் உதைபந்தாட்டத்தில் பத்து அணிகள். கோடையோ மூன்று மாதம். ஆட்டங்களுக்கு நகரசபை தரும் மைதானமோ சனிக்கிழமைப் பின்னேரம் மட்டும். எல்லோரும் எல்லோருடனும் மோத நேரம் கிடையாது, ஆளுக்கு ஐந்து ஆட்டம்தான். ஆகவே யார் மேலே யார் கீழே என்று ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று ஒவ்வொரு திங்களும் வரிசைப்படுத்தும். கடைசியில் முதல் நான்கு இடத்தில் நிற்பவர்கள் செப்டம்பரில் ரொறன்ரோவில் நடக்கும் போட்டிக்குப் போகலாம். இந்த ஏற்பாடு குழுவில் ஒருவனான நிஷானின் மூளையில் உதித்தது. அவன் கம்ப்யூட்டர் வேலை செய்பவன், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் என்றால் சோறு தண்ணி வேண்டாம். முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அந்த விளையாட்டில், கல்லூரிகள் ஏராளம், ஆட்டங்கள் கொஞ்சம் என்பதால் இப்படித்தான் ஒரு குழு உட்கார்ந்து தரம் பிரிக்கிறதாம். முதல் கூட்டத்தில் குழுத் தலைவர் ஆனந்தராசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிகளை வாசித்தார். நாலாவது விதி, எத்தனை கோல் வித்தியாசத்தில் வென்றார்கள் என்பது கணக்கில் எடுக்கப்படாது. எல்லோரும் கைதட்டினார்கள். அதிகம் தட்டியது அனோஜினிதான்.

ரொறன்ரோவுக்குப் போவது அவளுக்குச் சுற்றுலா ஆசையில்லை. நாலு வருடமாக இந்தப் பதினெட்டுப் பெண்பிள்ளைகளை அவள் பயிற்றுகிறாள். கழகத்துக்குப் பயிற்சிக்கெனக் கிடைத்த ஒரேயொரு நல்ல நேரமான செவ்வாய் பின்னேரத்தை, ஆயிரம் முறை கேட்டுத்தான் வாங்கியிருந்தாள். இந்த முறையும் ரொறன்ரோவுக்குப் போகாவிட்டால் அந்தச் செவ்வாய், நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் அணிக்குப் போய்விடும் என்று கழகச் செயலாளர் மே மாதமே சொல்லிவிட்டார். அந்த ஆண்களுக்கு வயிறு முன்னால் போகும், ஆள் பின்னால் ஓடுவார். அவர்கள் ரொறன்ரோவுக்குப் போகவேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. மைதானம் போனால் அணி போச்சு, அவ்வளவுதான்.

சனிக்கிழமை நடந்தது இதுதான். எதிரணி பியர்பொன்ட்ஸ். அவர்களுடைய கோல்காப்பாளரின் தகப்பன் பத்திநாதர் புதன்கிழமை இறந்துபோனார். சனி காலை பூசை, பிறகு அடக்கம். ஆட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி வெள்ளிக்கிழமையே அனோஜினி குழுவைக் கேட்டாள், எதிரணிக்காக. வேறு மைதானம் இல்லை, வராத அணியை நீக்கிவிடுவோம் என்று பதில் வந்தது. ஆகவே சேமக்காலையில் மண் போட்டுவிட்டு எட்டுப் பேர் வந்தார்கள். கறுப்புச் சட்டையைக் காருக்குள்ளேயே மாற்றி, வீங்கிய கண்களோடு வரிசையில் நின்றார்கள். இருபது நிமிடத்தில் மூன்று கோல். அனோஜினி தன் அணித்தலைவி சர்மிளாவைக் கோட்டருகே கூப்பிட்டாள்.

“காணும் பிள்ளை. இனி அடிக்க வேண்டாம். பந்தை உங்களுக்குள்ளையே வைச்சிருங்கோ.”

ஏன் என்று சர்மிளா கேட்கவில்லை. செத்தவீட்டு வாசலைத் தாண்டும்போது கலியாணக் காரிலும் பாட்டை நிறுத்துகிற சனம் இது. தங்களுக்குள் பிரெஞ்சில் கதைக்கிற, இங்கேயே பிறந்த அந்தப் பிள்ளைகளுக்கும் அது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. மிச்ச ஐம்பது நிமிடமும் பந்தை இங்கும் அங்கும் தட்டிக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும், தானும் அடக்கத்திலிருந்து நேரே வந்திருந்த ஆனந்தராசா அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “பெரிய வேலை செய்திட்டீர் பிள்ளை. எங்கட சனமெண்டால் இப்பிடித்தான்.” கண் கலங்கியிருந்தது அந்த மனிதருக்கு. அதே மனிதர்தான் ஞாயிறு இரவு இந்தப் பட்டியலுக்குத் தலையாட்டியிருக்கிறார்.

புதன்கிழமை தேவாலயப் பங்கு மண்டபத்து நிலக்கீழ் அறையில் குழு கூடியது. வேலை முடிந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தாள். உட்காரச் சொன்னார்கள், அவள் உட்காரவில்லை.

“அண்ணை, நாங்கள் வெண்டனாங்களோ இல்லையோ?”

“வெண்டனீங்கள் பிள்ளை. ஆர் இல்லையெண்டது?” என்றார் ஆனந்தராசா.

“பேந்து ஏன் கீழை இறக்கினீங்கள்?”

ஆனந்தராசா நிஷானைப் பார்த்தார். நிஷான் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான். “அக்கா, கோல் எண்ணிக்கையை நாங்கள் பாக்கேல்லை. ஆட்டத்தின்ரை தரத்தைத்தான் பாத்தம். லவால் ரீம் ஜூனிலை இதே பியர்பொன்ட்ஸை ஏழுக்குப் பூச்சியம் அடிச்சது. நீங்கள் எட்டுப் பேரோடை நிண்ட ரீமுக்கு ஐம்பது நிமிஷமா ஒரு கோல் அடிக்கேலாமல் நிண்டனீங்கள்.”

“ஏலாமல் நிக்கேல்லைத் தம்பி. வேண்டாமெண்டு நிண்டனாங்கள்.”

“அது எனக்கு விளங்குது அக்கா. ஆனால் இதிலை தெரியாதே. அமெரிக்காவிலையும் இதே பிரச்சினைதான். வித்தியாசத்தைப் பாக்கிறேல்லை எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். மூண்டாலை வெண்ட ரீமையும் முப்பதாலை வெண்ட ரீமையும் ஒரே கண்ணாலை ஆர் பாப்பினம், சொல்லுங்கோ?”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். கண்ணால் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்த நாலாவது விதியை எதற்கு வாசித்தீர்கள்? அதை நம்பித்தானே ஒருத்தி தன் பிள்ளைகளை நிறுத்தினாள்? விதி வாசித்தவன் விதியை மறந்துவிடலாம், நம்பினவள் மட்டும் தண்டம் கட்டவேண்டுமா? அவள் ஆனந்தராசா பக்கம் திரும்பினாள்.

“அண்ணை, நீங்கள் அங்கை நிண்டனீங்கள். என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னனீங்கள்.”

ஆனந்தராசா தேத்தண்ணிக் கோப்பையை ஒருமுறை சுற்றி வைத்தார். “அது மனிசத்தன்மை பிள்ளை. இது தரவரிசை. கடைசி மச் இருக்குத்தானே, கோட்-டே-நேஜ் ரீமோடை? நல்லா வடிவா வெண்டு காட்டுங்கோ, மேலை வந்திடுவீங்கள்.”

“வடிவா எண்டால் எத்தனை அண்ணை? நம்பரைச் சொல்லுங்கோ.”

“சீச்சீ. நம்பர் எல்லாம் நாங்கள் பாக்கிறேல்லை.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் படியேறி வெளியே வந்தாள். மெட்ரோவில் இடம் இருந்தும் வீடு வரைக்கும் நின்றுகொண்டே போனாள்.

கோட்-டே-நேஜ் அணி இந்த வருடம்தான் தொடங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆறு பேர், பிள்ளை பெற்றவர்கள் நாலைந்து பேர், எப்போதும் யாராவது ஒருத்தி சப்பாத்து நூல் கட்டிக்கொண்டிருப்பாள். ஆடிய நாலிலும் தோல்வி. கோல்காப்பாளர் புஷ்பராணிக்கு நாற்பத்து நாலு வயது, ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளைப் பார்க்கிறவள். பந்து வந்தால் குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் அணைத்துப் பிடிப்பாள், பிடிபட்டால்.

சனிக்கிழமை ஆட்டம் தொடங்கமுன் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, “இண்டைக்கு நான் நிப்பாட்டச் சொல்லமாட்டன்” என்று மட்டும் அனோஜினி சொன்னாள். இடைவேளைக்குள் ஆறு கோல். சர்மிளா தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாள், குடிக்கவில்லை.

“அக்கா, காணுமே?”

கூடாரத்துக்குள் குழுவின் ஐந்து கதிரைகளும் நிறைந்திருந்தன. நிஷான் மடியில் கணினி வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். வடிவா என்றால் எத்தனை? லவால் ஏழு அடித்தது. ஏழு அடித்தால் ஏழுதானே என்பார்கள். எட்டு அடித்தால் எதிரணி பலவீனம் என்பார்கள்.

“நடத்துங்கோ,” என்றாள் அனோஜினி.

இரண்டாம் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் புஷ்பராணியே வலைக்குள் குனிந்து பந்தை எடுத்து நடுக்கோட்டுக்கு எறிந்தாள். எட்டாவது பந்து அவள் முகத்தில் பட்டு உள்ளே போனது. மூக்கால் இரத்தம் வந்தது. மாற்றுக் கோல்காப்பாளர் இல்லாததால் கையுறையாலேயே துடைத்துக்கொண்டு திரும்பி வந்து நின்றாள். அப்போதாவது நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அனோஜினிக்கு வாய் வரைக்கும் வந்தது. இவ்வளவும் யாருக்காகச் செய்கிறேன், அந்தக் கூடாரத்தில் இருப்பவர்கள் பார்க்கட்டும், இதைத்தானே கேட்டார்கள், கண் நிறையப் பார்க்கட்டும் என்று நினைத்தாள். கோபம் ஒரு பக்கமும் பந்து இன்னொரு பக்கமும் போய்க்கொண்டிருந்தன. பதினொன்றுக்குப் பூச்சியம் என்று நடுவர் ஊதினார்.

கடைசி ஆட்டம் என்பதால் திங்கட்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. ஒலிபெருக்கியில் நிஷான் அங்கேயே பட்டியலை வாசித்தான். பார்க் எக்ஸ்டென்ஷன் மூன்றாம் இடம். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். சர்மிளா புல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினாள். ஆனந்தராசா குடையோடு வந்து அனோஜினியின் கையைப் பிடித்தார், அதே இரண்டு கையாலும். “இப்பிடித்தான் பிள்ளை விளையாடவேணும்! முந்தியே செய்திருக்கலாமே?” கையை உருவிக்கொண்டு அவள் எதிரணி வரிசைக்குப் போனாள்.

எல்லோரும் கைகொடுத்தார்கள், கடைசியில் புஷ்பராணி. மூக்குக்குள் பஞ்சு. கையுறை கழற்றிய உள்ளங்கை இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

“கங்கிராஜுலேசன்ஸ் தங்கச்சி,” என்றாள். பிறகு, குறை சொல்கிற குரலே இல்லாமல், “போன கிழமை பத்திநாதற்றை பிள்ளையின்ரை ரீமுக்கு நீங்கள் செய்ததைச் சொல்லித்தான் எங்கட சின்னப்பிள்ளையளை இண்டைக்குக் கூட்டியந்தனான். பயப்பிடாதேங்கோ, அவ நல்லவ எண்டு,” என்றாள்.

அனோஜினி கூடாரத்தைக் காட்ட நினைத்தாள். நாலாவது விதி, லவாலின் ஏழு, செவ்வாய் பின்னேரம் என்று சொல்ல ஒரு கோடி இருந்தது. அதற்குள் புஷ்பராணி திரும்பிப்போய்க் கம்பத்திலிருந்து வலையைக் கழற்றத் தொடங்கியிருந்தாள். அனோஜினி மற்றக் கம்பத்தடிக்குப் போய் ஒரு கொக்கியில் கை வைத்தாள்.

“விடுங்கோ தங்கச்சி. தோத்த ஆக்கள்தானே கழட்டுறது.”

நனைந்த வலை பாரமாக இருந்தது. மேல்கம்பத்துக் கொக்கிகளுக்கு எட்டாமல் புஷ்பராணி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முறை துள்ளினாள். பின்னால் அனோஜினியின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் கழன்ற வலை புஷ்பராணியின் தலையிலும் தோளிலும் விழுந்தது, அவள் அதற்குள்ளேயே நின்று அடுத்த கொக்கிக்குத் துள்ளினாள்.