அங்கம்மாவுக்கு ஏறாத முள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் பெண்டாட்டி சொல்வாள். 1935இல், சரஸ்வதி பூஜைக்கு மறுநாள், ஜோகூர் பாருவில் நாங்கள் இசைத்தட்டுப் பதிந்த காலையில் அது நுனியைவிட்டு இறங்கவே இல்லை.

காரணம் அங்கம்மா. உலு திராம் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். ரப்பர் மரத்துக்கு மரம் நடந்துகொண்டே அவள் கட்டிய பாட்டு ஒன்று தோட்டம் தோட்டமாகப் பரவிவிட்டது. அதைத் தட்டில் பதிக்க எங்கள் முதலாளி ராஜசேகரன் அவளை லாரியில் வரவழைத்திருந்தார். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் காளியப்பன் நான்.

எங்களுக்குப் புது மைக் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. டைனமிக் மைக் என்றார்கள். பழைய மைக்கைப் போல இரையாது, ஆனால் சத்தத்தைக் கொஞ்சமாகத்தான் கொடுக்கும். அதைப் பெரிதாக்கும் பெருக்கியைக் கூட்டி வைக்க வேண்டும்.

அங்கம்மா பாடினாள். பெருக்கியில் சத்தத்தின் அளவு காட்டும் முள் படுத்தே கிடந்தது. குமிழைத் திருகிக் கூட்டினேன். முள் லேசாக அசைந்தது, கூடவே வடைச்சட்டி மாதிரி ஓர் இரைச்சல். பாட்டு அதற்குள் முங்கிப் போயிற்று.

"சத்தமா பாடும்மா. புள்ளைய தூங்க வைக்கவா லாரி ஏறி வந்தே?" என்றேன்.

"பாடிக்கிட்டுதாண்ணே இருக்கேன்" என்றாள்.

பாட்டைப் பதிக்கும் மெழுகுத் தட்டுகளில் இரண்டு வீண். முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒரே ஒரு மெழுகுதான் இருக்கு. இதுலயும் முள் ஏறலன்னா இந்தப் பாட்ட சந்திரமதி பாடட்டும்."

சந்திரமதி சிங்கப்பூர் நாடகக்காரி. தன் பாட்டுகளைப் பதிந்து முடித்து, மூலையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் குரல் எந்த மைக்குக்கும் போதும், சுவரையே தாண்டும்.

அங்கம்மா முதலாளியைப் பார்த்தாள். "அவங்க பாடுனா தட்டுல யாரு பேரு வருங்க?"

"பாட்டு முடிஞ்சதும் பாடுனவங்க அவங்க பேரச் சொல்லுவாங்க. அதான் வழக்கம்."

"நான் கட்டுன பாட்டுங்க அது" என்றாள். முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு மைக்கின் முன்னால் போய் நின்றாள்.

"கிட்ட போ. இன்னும் கிட்ட" என்று அதட்டினேன். மூக்கு இடிக்கிற அளவுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏண்ணே, இதுல சந்தனம் மணக்குது?"

எழுந்து போய்ப் பார்த்தேன். முந்தின நாள் பூஜைக்கு ஆர்மோனியத்துக்கும் பெருக்கிக்கும் அளவாகப் பொட்டு வைத்தவன், மைக் புதுசாயிற்றே என்று அதற்கு மட்டும் உள்ளங்கையால் அப்பியிருக்கிறேன். காய்ந்த சந்தனம் மைக்கின் முகத்து வலையில் கண் ஒன்றுவிடாமல் அடைத்திருந்தது.

"யாருண்ணே வச்சது?"

"நாந்தான்."

அங்கம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சந்திரமதி வெற்றிலைச் சாற்றைப் புடவையிலேயே சிந்திக்கொண்டாள்.

"அலமாக், காலைலேர்ந்து அவளப் போட்டு வறுத்தீங்களே லா" என்று மலாய் கலந்து அங்கலாய்த்தாள்.

"சாமி கும்புட்டே மைக்கு வாய அடைச்சவன் நீ ஒருத்தன்தான்யா" என்றார் முதலாளி. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நானும் சிரித்துவிட்டேன்.

வலையைக் கழற்றி, ஈர்க்குச்சியால் ஒவ்வொரு கண்ணாகக் குத்தி எடுத்துத் துடைத்து மாட்டினேன்.

"தங்கச்சி, தப்பு என்மேல. ஒரு சாண் தள்ளி நின்னு, காட்டுல பாடுற மாதிரியே பாடு. கத்த வேணாம்."

கடைசி மெழுகு சுழன்றது. குமிழைப் பாதிதான் திருகினேன். முள் எழுந்து சரியான இடத்தில் நின்று ஆடியது. இரைச்சல் இல்லை. அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. பெண்டாட்டியிடம் சொல்லிவிடாதீர்கள்.

பாட்டு முடிந்தது. அங்கம்மா ஒரு மூச்சு இழுத்தாள். காலையெல்லாம் நான் கேட்டுக் கேட்டு வராத அந்தச் சத்தம் அப்போது வந்தது.

"பாடுனது அங்கம்மா. கட்டுனதும் அங்கம்மா."

முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் முட்டியது. குறை, குறை என்று முதலாளி கையை ஆட்டினார். குமிழ் என் விரல்களுக்குள்தான் இருந்தது. நான் குறைக்கவில்லை.