கக்கூஸ் விளக்கு

குழியை மூடிவிட்டு வந்தவர்கள் பீலித் தண்ணீரில் சவர்க்காரம் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினார்கள். வேறு எந்தச் சாவுக்கும் அவர்கள் இப்படிக் கழுவி அழகுமுத்து பார்த்ததில்லை.

"நல்லாத் தேய்ங்கடா. பீக்கரண்டுக்காரனத் தூக்கின கை."

யாரோ சிரித்தார்கள். மகன் கஜேந்திரனுக்கு அந்தப் பட்டத்தை வைத்ததே அழகுமுத்துதான்.

முன்பெல்லாம் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் கக்கூஸ் தண்ணீர் நேரே ஆற்றுக்குத்தான் போகும். டவுனிலிருந்து வந்தவர்கள் பள்ளம் வெட்டி, சல்லி நிரப்பி, கல்வாழை நட்டார்கள். சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அழுக்கைத் தின்னுமாம், அப்படித் தின்னும்போது கரண்டு வருமாம். அடைப்பெடுத்து அதைப் பார்த்துக்கொள்ள கஜேந்திரன் சேர்ந்தான். கீழே தண்ணீர் தெளிந்து வந்தது. கக்கூஸ் வாசலில் பல்பும் எரிந்தது.

"பீயில கரண்டு எடுக்கிறவன் நாளைக்குச் சோறும் எடுப்பான்" என்று லயமே கேட்கச் சொன்னார் அழகுமுத்து. அன்றிலிருந்து அவனுக்கு வாசலில்தான் தட்டு. அப்பனே அப்படிச் செய்தபின் அயலுக்குக் கேட்கவா வேண்டும்? உடைந்த கப்பில் தேத்தண்ணி கொடுத்தார்கள். ஆனால் பொழுது சாய்ந்தால், அந்தப் பல்புக்குக் கீழே போன் சார்ஜ் போட வரிசையில் நின்றார்கள்.

போன வாரம் அவனுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில் வந்தான்.

இருட்டிக்கொண்டு வந்தது. மண் போட்டவர்கள் வீட்டுக்குள் பெட்டி இருந்த இடத்தில் எரியும் விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் கலைய வேண்டும். பார்க்காமல் போனால், நாதியற்ற பிணத்தைப் புதைத்த மாதிரி. வந்தவர்கள் படியோடு நின்றுவிட்டார்கள்.

"உள்ள வாங்கய்யா" என்றார் அழகுமுத்து.

"உசுரோட இருந்தப்ப அவரையே நீங்க உள்ள விடலயே மாமா" என்றாள் உள்ளேயிருந்து மருமகள் நிஷாந்தி.

தோட்டத் தலைவர் முத்துலிங்கம் லேஞ்சித் துணியால் மூக்கை மூடியிருந்தார். "காச்சல் வீடு பாருங்கண்ணே. இங்கருந்தே பாத்தாச்சு."

அங்கிருந்து பார்த்தால் சுவர்தான் தெரியும்.

நிஷாந்தி விளக்கைக் கையால் மறைத்து வாசலுக்குக் கொண்டுவந்தாள். காற்று வந்து அணைத்தது. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. அது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று, பேசாமல் திரும்பினார்கள்.

அழகுமுத்து குறுக்கே போய் நின்றார்.

"விளக்குத்தானே பாக்கணும்? வாங்க."

லயத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். கல்வாழைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"கக்கூசுக்கு முன்னாடியா?" என்றான் கை கழுவியவர்களில் ஒருவன்.

"அவன் வச்ச விளக்கு. பாத்துட்டுப் போங்க."

ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். சிலர் கும்பிட்டார்கள், சிலர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியாக முத்துலிங்கம் வந்தார். கும்பிட்ட கையை இறக்கி, பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் பல்புக்குக் கீழே தொங்கிய சார்ஜ் வயரில் சொருகினார்.

"காலையிலருந்து சார்ஜ் இல்லண்ணே."

பல்பு கொஞ்சம் மங்கி எரிந்தது.